வெள்ளைக் கூம்பின் கதை: பத்துக்குப் பத்து அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

1980களின் பெரிய ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களின் புகைப்படங்களைப் பார்த்தால் ஒரு பொருள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மிக்ஸிங் கன்சோலின் மேல்விளிம்பில் படுக்க வைத்த இரண்டு கறுப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கூம்பு. அதுதான் யமஹா என்எஸ்-10. பின்சுவருக்குள் ஆளுயர ஸ்பீக்கர்கள் பதித்திருக்கும்போது இந்தச் சின்னப் பெட்டிக்கு அங்கே என்ன வேலை?

வீட்டில் ஒரு சின்ன ரூமில் உட்கார்ந்து பாட்டு மிக்ஸ் பண்ண நினைக்கும் எவரும் முதலில் கேட்பது "எந்த மானிட்டர் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி இந்தப் பெட்டியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

சுவரில் பதித்த அந்தப் பெரிய ஸ்பீக்கர்களோடு ஒரு சிக்கல் இருந்தது. ஒரு ஸ்டுடியோவில் பேஸ் தூக்கலாகக் கேட்கும், அடுத்த ஸ்டுடியோவில் அதே டேப் சப்பென்று இருக்கும். காரணம் அறைதான். ஊர் ஊராகப் போய் வேலை செய்த இன்ஜினியர்களுக்கு எங்கே போனாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

முதல் விடை ஆரடோன். ஒரு கனசதுரப் பெட்டி, அதில் ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஆழமான பேஸும் கிடையாது, உச்சத்தில் மினுமினுப்பும் கிடையாது. "ஹாரர்டோன்" என்று கிண்டலே செய்தார்கள். ஆனால் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) ஆல்பத்தை மிக்ஸ் செய்த புரூஸ் ஸ்வீடியன் போன்றவர்கள் அதை விடாமல் வைத்திருந்தார்கள். கார் ரேடியோவில் பாட்டு எப்படிக் கேட்கும் என்பதை அது உடனே சொல்லிவிடும்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், பிரிட்டனின் பிபிசிக்கு வேறு நெருக்கடி. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் ஒரு ஆள் உட்காரவே இடம் போதாது. அதற்காக 1970களின் தொடக்கத்தில் அவர்களுடைய ஆராய்ச்சிப் பிரிவு உருவாக்கியதுதான் எல்எஸ்3/5ஏ. சுமார் 5 லிட்டர் கொள்ளளவு, முழுக்க மூடிய பெட்டி. வேனில் கண்காணிக்க வேண்டியது முக்கியமாக மனிதக் குரல். அதனால் நடு அலைவரிசைகளில் கவனத்தைக் குவித்து, ஆழமான பேஸை விட்டுக்கொடுத்தார்கள். சின்ன இடத்தில் எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்று யோசித்து எடுத்த முடிவு அது.

யமஹாவின் கதை இப்படித் திட்டமிட்டு நடந்ததல்ல. 1978இல் என்எஸ்-10எம் வந்தது, வீட்டு அலமாரியில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்காக. அகிரா நாகமுரா வடிவமைத்தது. 10.4 லிட்டர் மூடிய பெட்டி, 18 சென்டிமீட்டர் வூஃபர். அந்த வெள்ளைக் கூம்பு தட்டையான தாளை வெட்டிச் சுருட்டி, ஓரத்தை ஒட்டிச் செய்தது. ஹைஃபை ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. 2,000 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே ஒரு மேடு, 200 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே பேஸ் சரிய ஆரம்பித்துவிடும்.

ஆனால் ஸ்டுடியோக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யுஎஸ்ஏ' ஆல்பத்தை மிக்ஸ் செய்த பாப் கிளியர்மவுண்டன். ட்வீட்டர் காதைக் குத்துகிறது என்று அதன் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டினார். அதைப் பார்த்து உலகம் முழுக்க ஒட்டினார்கள். எந்த பிராண்ட் டிஷ்யூ, எத்தனை அடுக்கு என்று 1986இல் பாப் ஹோடாஸ் அளந்தே பார்த்துவிட்டார்! டிஷ்யூ ஒலியைச் சீராகக் குறைக்கவில்லை, எதிரொலித்து அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டது என்று தெரிந்தது. 1987இல் யமஹாவே ட்வீட்டரை மாற்றி, படுக்க வைக்கத் தோதாக, 'ஸ்டுடியோ' என்ற பெயரோடு புது வடிவத்தை வெளியிட்டது.

ஏன் இந்த மோகம்? 2001இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட், ஜூலியஸ் நியூவெல் மூவரும் எதிரொலியே இல்லாத அறையில் முப்பதுக்கும் மேற்பட்ட மானிட்டர்களை அளந்த முடிவுகளை வைத்து இதற்கு விடை தேடினார்கள். என்எஸ்-10இன் தனித்தன்மை நேரத்தில் இருந்தது. சிக்னல் நின்றதும் பேஸும் சட்டென்று நின்றுவிடுகிறது. துளை வைத்த பல பெட்டிகளில், துளையின் ஒத்ததிர்வால் கீழ் அலைவரிசை கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டே போகும். கிக் டிரம் எங்கே முடிகிறது, பேஸ் கிடார் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கேட்க அந்த 'சட்டென்று நிற்பது' ரொம்ப முக்கியம்.

இப்போது நம்ம ரூமுக்கு வருவோம். அறையின் ஒத்ததிர்வைக் கணக்கிடுவது சுலபம்: ஒலியின் வேகத்தை (நொடிக்கு சுமார் 343 மீட்டர்) அறை நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 10 அடி என்றால் 3.05 மீட்டர், விடை சுமார் 56 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றுமே 10 அடியாக இருந்தால் மூன்று ஒத்ததிர்வும் அதே இடத்தில் குவியும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த சுரம் ஏறக்குறையக் காணாமல் போகும். சுவரோரம் போனால் குமுறும். பாட்டில் பேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை நாற்காலி தீர்மானிக்கும் நிலை!

இந்த அறைக்குள் 8 அங்குல வூஃபர், துளை வைத்த பெட்டி வாங்கி வைத்தால் என்ன ஆகும்? அறை ஏற்கெனவே இழுக்கும் இடத்தில் பெட்டியும் சேர்ந்து இழுக்கும். காதில் பேஸ் அதிகம் என்று தோன்ற, மிக்ஸில் குறைப்போம். காரில் போட்டால் பாட்டு எலும்புக்கூடாக இருக்கும். குறை எங்கே என்று தெரியாமல் அடுத்து இன்னும் பெரிய ஸ்பீக்கருக்குக் காசு சேர்க்கத் தொடங்குவோம். காசும் போச்சு, தன் காது மேல் இருந்த நம்பிக்கையும் போச்சு.

எனவே என் கணக்கு இது. சின்ன அறைக்கு 5 அங்குலம் போதும். மூடிய பெட்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கீழ் அலைவரிசையைக் குறைக்கும் சுவிட்ச் உள்ளதாகப் பார்க்கலாம். இரண்டு ஸ்பீக்கரும் தலையும் சுமார் ஒரு மீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். கிட்ட இருந்தால் சுவர் எதிரொலியைவிட நேரடி ஒலி மேலோங்கும். அறையின் நடுவில் உட்கார வேண்டாம். பட்ஜெட்டில் ஒரு பங்கை மூலைகளில் வைக்கத் தடிமனான கிளாஸ்வூல் பேனல்களுக்கு ஒதுக்குங்கள். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை நல்ல ஹெட்போனில் சரிபாருங்கள். பேஸைக் காட்டாத ஸ்பீக்கரைச் சமாளித்துவிடலாம், தப்பாகக் காட்டுவதோடு மல்லுக்கட்டுவதுதான் கஷ்டம்.

என்எஸ்-10 உற்பத்தி 2001இல் நின்றது. கூம்புக்கான மரக்கூழ் கிடைக்கவில்லை என்று யமஹா சொன்னது. 2008இல் அதற்காக யமஹாவுக்கு டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது. இன்று பழைய ஜோடி ஒன்றைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கிளியர்மவுண்டன் போன்றவர்கள் ஒரே பெட்டியை வருஷக்கணக்கில், அறைக்கு அறை எடுத்துப்போய்க் கேட்டுப் பழகினார்கள். எந்த ஜோடி வாங்கினாலும், நன்றாகத் தெரிந்த பத்துப் பாட்டை ஒரு மாதம் அதில் கேட்டுவிட்டு, பிறகு முதல் மிக்ஸைத் தொடங்குங்கள்.