வேனின் பின்சக்கர டிஸ்க் பிரேக்: காலிப்பர் மாட்டும்போது இந்த தவறை மட்டும் செய்யாதீங்க!

ஓட்டி நிறுத்தியதும் வேனின் ஒரு பின்சக்கரம் மட்டும் கொதிக்கிறதா? ஒரு பக்க பேட் மட்டும் சீக்கிரம் தேய்கிறதா? காலிப்பர் ஜாம் ஆகியிருக்கலாம். புதிய பாகங்களை மாட்டும்போது கவனிக்க வேண்டியவை இதோ.

காலிப்பர் என்ன செய்கிறது?

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பேட்களுக்கு நடுவே இறுக்கிப் பிடிப்பதுதான் இதன் வேலை. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். காலிப்பர் கைடு பின்கள் மீது வழுக்கி நகர்ந்தால்தான் வெளிப்பக்க பேடும் டிஸ்க்கைப் பிடிக்கும்.

பிஸ்டனை நேராக அமுக்கலாமா?

ஹேண்ட் பிரேக் காலிப்பரோடு சேர்ந்திருந்தால் கூடாது. ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் டி5 போன்ற வேன்களில், அதற்கான டூலை வைத்து பிஸ்டனைச் சுற்றியபடியே உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே இருக்கும் அட்ஜஸ்டர் பழுதாகும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால், முதலில் ஸ்கேனர் மூலம் சர்வீஸ் மோடுக்கு மாற்ற வேண்டும்.

எந்த கிரீஸ்?

கைடு பின்களுக்கு காலிப்பருக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் போடுங்க. சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் ஊதிவிடும், பின் மறுபடியும் சிக்கும். பேட், டிஸ்க் மீது கிரீஸ் படவே கூடாது. ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர்களை புதிதாகவே மாற்ற வேண்டும்.

இடது, வலது மாறினால் என்ன ஆகும்?

இதுதான் பலர் சறுக்கும் இடம். பக்கம் மாறினாலும் சில காலிப்பர்கள் அப்படியே பொருந்திவிடும். ஆனால் பிளீடர் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேதான் தங்கும் என்பதால், எவ்வளவு பிளீட் செய்தாலும் வெளியேறாது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பார்த்த பிறகே போல்ட்டை முடுக்குங்க.

கடைசி சோதனை

புதிய பிரேக் ஆயில் ஊற்றி காற்றை வெளியேற்றுங்க. டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கலாம். அதனால் திறந்து வைத்த பழைய ஆயில் வேண்டாம். போல்ட்களை கம்பெனி மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கே முடுக்க வேண்டும்.

வேனை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதிங்க. இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காமல் போகலாம். பெடல் இறங்கினாலோ, ஆயில் கசிந்தாலோ வேனை ரோட்டுக்கு எடுக்காதீங்க, மெக்கானிக்கை அழைத்துவிடுங்க.