நிரபராதின்னு காட்டும் சிசிடிவி பதிவு, விசாரணை வரை இருக்குமா?

செய்யாத குற்றத்துக்கு உங்க மேல வழக்கு. 'சிசிடிவி பார்த்தா தெரிஞ்சிடுமே' என்கிறீர்களா? சிக்கலே அங்கேதான்.

செஷன்ஸ் வழக்கில் அரசுத் தரப்பு சாட்சியங்கள் முடிந்த பிறகுதான், பிஎன்எஸ்எஸ் 256-வது பிரிவின்படி உங்கள் தரப்பு ஆதாரத்துக்கு முறை வரும். அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடலாம். செல்போன் அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் 2 ஆண்டுகள் வைத்திருந்தாலே போதும். சிசிடிவி பதிவு பெரும்பாலும் அதற்கு முன்பே அழிந்துவிடும்.

2010-ல் வாரணாசி ஓட்டலில் தங்கியிருந்த ஒருவர் இறந்த வழக்கில், 2 இத்தாலியர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 'அதிகாலையில் நாங்க வெளியே போயிருந்தோம்' என்றார்கள். ஓட்டலின் சிசிடிவி பதிவை அரசுத் தரப்பு தாக்கல் செய்யவே இல்லை. இதை வழக்கின் பெரிய ஓட்டையாகப் பார்த்த உச்ச நீதிமன்றம், 2015-ல் இருவரையும் விடுவித்தது.

எல்லா வழக்கும் இப்படி முடியாது. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ஆனால் 'நான் வேற இடத்துல இருந்தேன்' என்றால், அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

அதனால் பதிவைப் பாதுகாக்கக் கோரி வக்கீல் மூலம் சீக்கிரமே மனு போடுங்க. டிஜிட்டல் நகல் கொடுத்தால், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேணும். ரசீது, டிக்கெட் அசலைத் தூக்கிப் போடாதீங்க.