அப்பத்தாவின் கண்ணாடியும் பத்து டாலர் லென்ஸும்

மருத்துவச் செலவு பற்றிப் பேச்சு வந்தால், ஒரே சிகிச்சைக்கு அமெரிக்காவில் இவ்வளவு, இங்கே இவ்வளவு என்று பட்டியல் போடுவது நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பட்டியலில் யாருடைய கணக்கு விடுபடுகிறது என்பதுதான் என் கேள்வி.

மேலூர்ப் பக்கத்தில் இருந்த என் அப்பத்தாவுக்கு எழுபதுகளில் கண்புரை அறுவை நடந்தது. முகாம், காசு வாங்கவில்லை. அன்றைய முறைப்படி கண்ணின் வில்லையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். எதிரே இருப்பது பெரிசாகத் தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. கண்ணாடி உடைந்தபோது அப்பத்தா மறுபடி குருடானாள். வேறு வாங்க அறுவடை வரை காத்திருந்தாள். 'இலவசம்' என்பதன் பொருள் இவ்வளவுதான்.

எடுத்த வில்லையின் இடத்தில் செயற்கை லென்ஸ் வைப்பதை லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949இல் தொடங்கிவைத்தார். எண்பதுகளில் மேலை நாடுகளில் அது வழக்கமாகிவிட்டது. பிரிட்டனில் 1948இலிருந்து வரிப்பணம் சுமக்கிற செலவு அது. அமெரிக்காவில் காப்பீட்டின் கணக்கு. இங்கே இறக்குமதி லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர். 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஆரோலேப் அதைச் சுமார் 10 டாலருக்குத் தந்தது. பிறகு விலை இன்னும் இறங்கியது. உற்பத்தி யார் கையில் இருக்கிறதோ, விலையும் அவர்கள் கையில்தான்.

ஆனால் இந்த வரலாறு ஒரு தனிமனிதரின் கருணைக் கதையாகவே சொல்லப்படுகிறது. 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அதற்கு முன் இருபது வருஷம் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அன்றைக்குப் பெயர்கொண்டிருந்த பெரியாஸ்பத்திரியில் அறுவை செய்தவர். அவர் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. பொதுப்பணம் பழக்கிய கை அது என்பதைக் கதை மறந்துவிடுகிறது, அதைத்தான் சொல்கிறேன்.

மறக்கப்படும் இன்னொரு கணக்கும் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் அம்மாவுக்கு லென்ஸ் வைத்தார்கள். சோடாபுட்டி இல்லை. "செலவே இல்லாம முடிஞ்சிருச்சும்மா" என்றேன். அம்மா சொன்னாள்: "ஒன் தங்கச்சி நாலு நாளு களையெடுக்கப் போகல. எங்காத்தாவுக்குத் தொணையா நான் போனப்பவும் இதே நாலு நாளுதான். அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். இரண்டு தலைமுறையில் லென்ஸ் வந்தது, விலை இறங்கியது. துணைக்குப் போகிற பெண்ணின் கூலியை மட்டும் எந்த நாட்டுப் பட்டியலிலும் இன்னும் காணவில்லை.