திரிகடுகமும் தடுமனும்

மார்கழி பிறந்துவிட்டது என்பதைப் பஞ்சாங்கம் சொல்வதற்கு முன்னரே மூக்குச் சொல்லிவிடுகிறது. புதுச்சேரி நகரின் வடபால், கடலை ஒட்டி அமைந்த குருசுக்குப்பத்தில் இதனை நன்கு காணலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை ஓய்ந்து, வாடை வீசத் தொடங்கியதும், விடியுமுன் கடலுக்குச் செல்வோர் தலையைத் துண்டால் சுற்றிக்கொள்வர். வீடுகளில் இருமல் ஒலி எழும். உண்மையில் இது பெருங்குளிர் அன்று. தை மாதத்து இரவிலும் வெப்பமானி 20 டிகிரி அளவில் நின்றுவிடும். பாரிஸ் மாநகரத்தார் இதனைக் குளிர்காலம் என்றால் நகைப்பர். ஆயினும் தும்மல் எங்கும் தும்மல்தான்.

மாணவ நண்பர்களே, இந்தச் சிறு நோய்க்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! தடுமன், சளி, நீர்க்கோவை, ஜலதோஷம் என்று ஊருக்கு ஊர் வேறுபடும். சித்த மருத்துவ நூல்கள் பீனிசம் என்று ஒரு நோய்த்தொகுதியையே வகுத்துப் பேசுகின்றன. பெயர்கள் பல, வீட்டு வைத்தியமோ பெரும்பாலும் ஒன்றே. சுக்கைத் தட்டி, மிளகும் தனியாவும் சேர்த்துக் கொதிக்கவைத்து, கருப்பட்டி இட்டுப் பருகுவர். நொச்சித் தழையை வெந்நீரில் இட்டுப் போர்வைக்குள் வேது பிடிப்பர். மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டு, எழும் புகையை முகர்வர். தலை கனத்தால், சுக்கை நீர்விட்டு இழைத்து நெற்றியில் பற்று இடுவர். இவற்றைச் செய்யத் தெரியாத பாட்டி எந்தத் தெருவிலும் இல்லை.

இந்த வைத்தியத்துக்கு வயது என்ன? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட வினா. விடை காண்பது எளிதன்று. அரசர் கொடுத்த நிலத்துக்குக் கல்வெட்டு உண்டு. கம்பெனி வாங்கிய துணிக்குக் கணக்கேடு உண்டு. அடுப்பங்கரைக்கு ஆவணக் களரி ஏது? பாட்டி கிள்ளிப் போட்ட மிளகை எவரும் எண்ணி எழுதிவைக்கவில்லை. ஆகவே, வரலாற்று மாணவன் வேறு சான்றுகளைத் தேடவேண்டும். நூற்பெயர்களும் சொற்களும் அவனுக்கு அங்கே கைகொடுக்கின்றன.

பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றாகிய திரிகடுகத்தை நீங்கள் பாடநூலில் கண்டிருப்பீர்கள். அதனை இயற்றியவர் நல்லாதனார். அது மருத்துவ நூலன்று, நீதிநூல். ஒவ்வொரு பாட்டிலும் மும்மூன்று கருத்துக்களை அமைத்து, சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் உடல்நோயைத் தீர்ப்பதுபோல இவை மனநோயைத் தீர்க்கும் என்ற குறிப்பில் அந்நூலுக்கு அப்பெயர் அமைந்தது. இதிலிருந்து ஒன்றை உய்த்துணரலாம். அறியாத பொருளை எவரும் உவமையாக்குவதில்லை. சங்கம் மருவிய அக்காலத்திலேயே, திரிகடுகம் என்றால் இன்னதென்று படிப்பவர் அனைவர்க்கும் தெரிந்திருக்கவேண்டும். மருத்துவ ஏடு ஒன்று தரும் சான்றைவிட, இந்த நீதிநூலின் தலைப்புத் தரும் சான்று வலியது என்பது என் கருத்து. மருத்துவ ஏடு வைத்தியர் அறிந்ததைச் சொல்லும். இந்தத் தலைப்போ பொதுமக்கள் அறிந்ததைச் சொல்கிறது.

அந்த மூன்று சரக்குகளும் நம் அடுப்போடு நின்றுவிடவில்லை. குருசுக்குப்பத்திலிருந்து தெற்கே, நகரைக் கடந்து சென்றால், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல்நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும், இத்தாலி நாட்டு மெருகிட்ட மட்கலங்களும் வெளிப்பட்டன. யவனக் கப்பலோடு தொடர்புடைய துறை அது என்பது உலகுக்குத் தெரிந்தது. அந்தக் கப்பல்களின் காலத்தில் உரோம நகரில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர் சரக்குகளின் விலையைக் குறித்துவைத்தார். ஓர் இராத்தல் திப்பிலி 15 தெனாரியம், வெண்மிளகு 7, இஞ்சி 6, கருமிளகு 4. திரிகடுகத்தின் மூன்று சரக்குகளும் அவருடைய பட்டியலில் இடம்பெற்றிருப்பதைப் பாருங்கள்! இஞ்சி அரேபியாவில் விளைவதென்று அவர் நினைத்தார். இடைத்தரகர் சொன்னதை அப்படியே நம்பியதன் பயன் அது. மிளகில் என்ன இருக்கிறதென்று மக்கள் இப்படி மயங்குகின்றனர் என்றும் அவர் வியந்தார். பொன்னைக் கொட்டி மிளகு வாங்கிய உரோமருக்கும் மாரிக்காலத்தில் மூக்கு ஒழுகத்தான் செய்திருக்கும். அதுவேறு செய்தி.

மிளகு விளைவது மேற்கு மலைச் சாரலில். அங்கிருந்து கீழைக் கடற்கரைக்கு வந்தது எவ்வாறு? காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கரிய மிளகு மூடைகள் நிலவழியே வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை கூறும். அங்கே மிளகுக்குப் பெயர் ‘கறி’. நாம் இன்று காய்க்கும் இறைச்சிக்கும் வழங்கும் சொல் அன்று மிளகைக் குறித்தது.

சொல் காட்டும் மற்றொரு சான்று மிளகாய். அது மிளகு போன்று உறைக்கும் காய், ஆதலின் மிளகாய். பெயரே அது பின்னர் வந்த விருந்தாளி என்பதைச் சொல்லிவிடுகிறது. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கீசியர் கப்பல்கள் இந்தியக் கரைக்கு வந்த பிறகே, 16ஆம் நூற்றாண்டில், அது இங்கே வேரூன்றியது. சிலுவையைக் குறிக்கும் ‘குருசு’ என்ற சொல்லும் அதே போர்த்துக்கீசியர் வாயிலாகத் தமிழுக்கு வந்ததே. குருசுக்குப்பம் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கப்பல்கள் என் நினைவுக்கு வருகின்றன. மிளகாய் வந்தும், சளிக்கு வைக்கும் ரசத்தில் மிளகு தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நாவுக்குச் சுவையூட்டும் உரிமையைப் புதியவன் பெற்றான். மருந்தாகும் உரிமை பழையவனிடமே நின்றது.

ஆனால் பாட்டி வைத்தியம் முழுவதும் பழமை என்று கொண்டுவிடலாகாது. நீலகிரித் தைலம் இல்லாத மருந்துப் பெட்டி உண்டோ? அத்தைலம் தரும் யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவுக்கு உரியது. 1843இல்தான் உதகமண்டலத்தில் நடப்பட்டது. நெற்றியில் தடவும் அமிர்தாஞ்சனத்தைக் காசிநாதுனி நாகேசுவரராவ் 1893இல் பம்பாயில் தொடங்கினார். 1914இல் அந்நிறுவனம் சென்னைக்கு வந்தது. வீட்டு வைத்தியம் என்பது பூட்டிவைத்த பேழையன்று. கடல்வழி வந்த பொருளையும் கடைவழி வந்த பொருளையும் அது தயக்கமின்றித் தனதாக்கிக்கொண்டது.

வெளிநாட்டார் நம் மருத்துவத்தை ஏட்டில் எழுதியதும் உண்டு. தரங்கம்பாடியில் இருந்த கிரண்ட்லர் என்னும் பாதிரியார், 1711இல், தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மானிய மொழியில் ஒரு நூல் எழுதினார். புதுச்சேரியிலோ பிரெஞ்சு ஆட்சியினர் 1823இல் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினர். அதன் வழிவந்த கல்லூரியே 1964இல் ஜவாகர்லால் பெயர் தாங்கிய மருத்துவ நிலையமாயிற்று. ஆக, ஒரே நகரில், ஒரு பக்கம் மேனாட்டு மருத்துவம் கற்பிக்கப்பட்டது. மறுபக்கம் குப்பத்து அடுப்பில் சுக்குக் கொதித்தது. தடுமனைப் பொறுத்தவரை இருவரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தனர். நோயின் காரணம் இருவர்க்கும் தெரியாது.

மேனாட்டுத் தொழிற்சாலை தந்த மருந்தெல்லாம் அறிவு சான்றது, பாட்டி தந்ததெல்லாம் அறியாமை என்று எண்ணுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமலுக்கு மருந்தென்று கடைக்கு அனுப்பிய பொருளின் பெயர் ஹெராயின்! சுக்குக் கஷாயம் எவரையும் அடிமையாக்கியதில்லை.

எனினும், இந்தப் பெருமிதத்தோடு நாம் நின்றுவிட்டால் வரலாறு நம்மை மன்னிக்காது. 1918ஆம் ஆண்டு நடுவில் பம்பாய்த் துறைமுகத்தில் தோன்றிய இன்புளூயன்சா, சில மாதங்களில் நாடெங்கும் பரவியது. தொடக்கத்தில் அதுவும் சளியும் காய்ச்சலும்தான். இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிட்டுள்ளனர். அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்த மருந்து கஷாயமும் பற்றும் வேதுமே. அவை அந்த நோயைத் தடுக்கவில்லை. டாக்டர்களிடமும் மாற்று மருந்து இல்லை என்பது உண்மையே. ஆனால் பிறர் தோல்வி நம் வெற்றியாகிவிடாது. தடுமனைத் தணிக்கும் பொருள், தடுமனைப் போலத் தோன்றும் கொடிய நோயையும் தீர்க்கும் என்று நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது.

நாட்டு மருத்துவத்தை ஆராயச் சென்னை அரசாங்கம் 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1923இல் அதன் அறிக்கை வந்தது. நம் மருத்துவத்தை முறையாகக் கற்பிக்கவேண்டும் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது.

இங்கிலாந்தில் 1946இல் சாலிஸ்பரி நகருக்கு அருகே தடுமன் ஒன்றுக்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையம் திறந்தனர். தொண்டர்கள் பத்து நாள் அங்கே தங்கி, மூக்கில் நோய்நீரைச் சொட்டவிட்டுக்கொள்வர். உணவும் உறையுளும் இலவசம். கைச்செலவுக்குச் சிறிது பணமும் உண்டு. கல்லூரி மாணவர் பலர் அதை விடுமுறையாகவே கருதினர்! நனைந்த உடலோடு குளிர்காற்றில் நிற்கவைத்தும் பார்த்தனர். அதனால் மட்டும் தடுமன் பெருகவில்லை. 1950களின் நடுவில் ரைனோவைரஸ் என்னும் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வேறு குடும்பத்து வைரஸ்களும் தடுமனை உண்டாக்கும். ஒரே தடுப்பூசியால் அத்தனையையும் அடக்க இயலவில்லை. 1990இல் அந்நிலையம் மூடப்பட்டது. தடுமனுக்கு முற்றான மருந்து இன்றுவரை கிட்டவில்லை. தானே வந்து, ஒரு வாரம் இருந்து, தானே போகும் நோய் அது.

அப்படியானால் பாட்டியின் கஷாயத்துக்கு வேலை என்ன? 2008இல் கார்டிஃப் நகர ஆராய்ச்சியாளர் 30 பேருக்குச் சூடான பழச்சாற்றைக் கொடுத்துப் பார்த்தனர். மூக்கின் காற்றோட்டத்தைக் கருவியால் அளந்தபோது மாற்றம் இல்லை. ஆனால் இருமல், தொண்டைவலி, குளிர்நடுக்கம், சோர்வு ஆகியவை உடனே தணிந்ததாக அவர்கள் கூறினர். அதே சாறு சூடின்றிக் கொடுக்கப்பட்டபோது இத்தனை நன்மை தெரியவில்லை. சுக்கு நீர் நோயைக் கொல்வதில்லை, நோயாளியைத் தேற்றுகிறது. ஒரு வார காலத் துன்பத்துக்கு இதுவே பேருதவி அன்றோ?

சில மூலிகைகள் இதற்கும் மேலே சென்றிருக்கின்றன. வேலியோரம் வளரும் ஆடாதோடையை இருமலுக்குக் கொடுப்பது நம் நாட்டுப் பழவழக்கம். அதன் இலையில் வாசிசின் என்னும் பொருள் இருப்பதை வேதியியலார் பிரித்தறிந்தனர். அதன் அமைப்பைத் தழுவி உருவாக்கிய புரோம்ஹெக்சின் என்னும் மருந்து 1963இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. கெட்டிச் சளியை இளக்குவது அதன் பணி. இன்று மருந்துக்கடையில் வாங்கும் இருமல் மருந்துகள் பலவற்றில் அதனைக் காணலாம். நம் வேலியில் நின்ற செடியைப் பிறர் அளந்து, பிரித்து, சோதித்து, மருந்தாக்கினர். நாம் அதனைப் புகழ்ந்துகொண்டிருந்தோம்!

2020இல் கொரோனா நோய் பரவியபோது, தமிழ்நாட்டு அரசு கபசுரக் குடிநீரை வழங்கியது. பதினைந்து சரக்குகள் சேர்ந்த அதில் சுக்கும் திப்பிலியும் ஆடாதோடையும் உண்டு. அதைக் குடித்துவிட்டதனால் மருத்துவமனைக்குச் செல்லவேண்டுவதில்லை என்று எண்ணியோரும் இருந்தனர். 1918இன் பாடத்தை அவர்கள் படிக்கவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தை மருத்துவமனை, ஆவி பிடிக்கும்போது வெந்நீர் கொட்டி வெந்த குழந்தைகள் மிகுதியாக வருவதாக அறிவித்தது. வேது பிடிக்கும் பானை கவிழ்ந்தால் எந்த நாட்டுத் தோலும் வேகும். சிறு குழந்தையைப் போர்வைக்குள் பானையோடு அமர்த்தலாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. பச்சிளங் குழந்தையின் மார்பில் கற்பூரம் குழைத்துத் தேய்த்தலும் ஆகாது. மூச்சுத் திணறினாலும், காய்ச்சல் மூன்று நாளைக் கடந்தாலும், அடுப்பை விட்டு எழுந்து மருத்துவரை நாட வேண்டும்.

குப்பத்து வீடுகளுக்கே உரிய மருந்து ஒன்றை இன்னும் நான் சொல்லவில்லை. அது நண்டு ரசம். நண்டை ஓட்டோடு இடித்து, மிளகும் சீரகமும் பூண்டும் கூட்டிக் கொதிக்கவைத்து, சளி பிடித்தவனுக்குச் சூடாகக் கொடுப்பது தமிழ்க் கடற்கரையின் வழக்கம். கோழிச்சாற்றை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா ஆராய்ச்சியாளர் சோதனைக் குழாயில் இட்டு, வெள்ளணுக்களின் ஓட்டத்தை அது சிறிது தணிப்பதைக் கண்டனர். நண்டு ரசமும் அத்தகைய சோதனைக்கு உரியதே. அதற்கு முன், அதன் வரலாற்றை எழுதவேண்டும். அதற்கான சான்று எந்த நூலகத்திலும் இல்லை. மூத்த பெண்டிரின் நினைவில் இருக்கிறது. குருசுக்குப்பத்துக்குச் சென்று கேட்கும் மாணவர், எந்த நண்டு, எத்தனை மிளகு, மிளகாய் சேர்வது உண்டா, யாருக்குக் கொடுக்கமாட்டார்கள், நண்டு கிடைக்காத நாளில் அதற்குப் பதில் என்ன என்று கேட்டு, கேட்ட நாளையும் குறித்துக்கொண்டு வரவேண்டும்.