மேட்ச் ஒரு சாக்கு

பழைய மாணவர் சந்திப்பு என்றால் ஒரு கிரிக்கெட் மேட்ச் கட்டாயம் உண்டு. தொப்பை விழுந்த நம்மவர்கள் இரண்டு ரன் ஓடி மூச்சு வாங்குவதைப் பார்க்கவா இத்தனை பேர் ரயிலேறி வருகிறோம்? மேட்ச் ஒரு சாக்கு. அந்தச் சாக்குக்கும் ஒரு சரித்திரம் உண்டு, நண்பர்களே.

1947-ல் பஞ்சாப் இரண்டானது. லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் 50 கிலோமீட்டர்தான் தூரம். ஆனாலும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் திரும்பிப் போய்ப் பார்க்க வழியில்லை. 1955 ஜனவரி கடைசியில் லாகூர் பாகே ஜின்னா மைதானத்தில் இந்தியா–பாகிஸ்தான் டெஸ்ட் நடந்தது. அதற்காக எல்லை திறந்தது. ஆயிரக்கணக்கான இந்தியர்கள் வாகா வழியாகப் போனார்கள். அந்தத் தொடரில் ஐந்து டெஸ்ட், ஐந்தும் டிரா! ஆட்டத்தில் ஜெயித்தவர் யாருமில்லை. பழைய தெருவை இன்னொரு முறை பார்த்தவர்கள்தான் ஜெயித்தவர்கள்.

பிறகு 1965-லும் 1971-லும் யுத்தம். 1961-க்கு அப்புறம் 1978 வரை இரு நாட்டுக்கும் இடையே டெஸ்டே கிடையாது.

2004-ல் மறுபடி கதவு திறந்தது. கிரிக்கெட்டுக்காக விசா கிடைத்தது. ஆட்டம் பார்க்கவே போன வாலிபர்கள் பலர். அப்பா பிறந்த வீட்டையும், தாத்தா படித்த பள்ளிக்கூடத்தையும் தேடிப் போனவர்களும் உண்டு. லாகூர்க் கடைக்காரர்கள் பலர் "விருந்தாளியிடம் காசா?" என்று வாங்க மறுத்தார்கள். நம்ம சென்னைப் பையன் பாலாஜி அங்கே ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனார். மறு வருஷம் மொகாலி டெஸ்டுக்குப் பாகிஸ்தான் ரசிகர்கள் வந்தபோது, சண்டிகர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்து உபசரித்தார்கள்.

2008 ஆசியக் கோப்பைக்குப் பிறகு இந்திய அணி பாகிஸ்தானில் ஆடவில்லை. 1947-ல் பத்து வயசுப் பையனாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறை நெருங்கும் வயசு. இனி எல்லை திறந்தாலும், "இதுதான் எங்க வீடு" என்று கை காட்ட எத்தனை பேர் இருப்பார்கள்? சாக்கு கிடைக்கும், ஆள் கிடைக்க வேண்டுமே!

மாணவத் தம்பி தங்கைகளே, மைதானத்தில் எங்கள் ஓட்டத்தைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஹாஸ்டல் பக்கம் எங்களோடு ஒரு நடை வாருங்கள், கதை சொல்கிறோம். நம் கல்லூரி வாசலில் விசா கேட்பவர் யாருமில்லை. பழைய நண்பர்களே, கால் நடக்கும்போதே வந்துவிடுங்கள்!