ஸ்போர்ட்ஸ் செடான் சஸ்பென்ஷன் மேம்பாடு: ஸ்பிரிங்கை மாற்றும் முன் அறிய வேண்டியவை

வேகத்துக்காகச் செடான் கார் வாங்கும் பலர், சில காலம் ஓட்டிய பின் சஸ்பென்ஷனை மாற்ற விரும்புகின்றனர். வளைவுகளில் கார் சாயக் கூடாது. பள்ளங்களில் பயணிகள் குலுங்கவும் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் ஓரளவு நிறைவேற்ற, பாகங்களை மாற்றும் வரிசை முக்கியமாகிறது.

காரின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். மேடு பள்ளங்களில் அது துள்ளும்போது, அந்த ஆற்றலை எண்ணெயின் வழியே வெப்பமாக மாற்றி அடக்குவது ஷாக் அப்சார்பர். தேய்ந்த ஷாக் அப்சார்பருடன் கடினமான ஸ்பிரிங்கைப் பொருத்தினால் துள்ளல் அதிகரிக்கும். சக்கரம் சாலையை விட்டு எழும் கணங்களில் பிரேக், ஸ்டீயரிங் இரண்டின் பிடியும் குறையும்.

எனவே, சில ஆண்டுகள் ஓடிய காரில் முதல் வேலை பழுதுபார்ப்புதான். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவற்றைப் புதுப்பித்தாலே பல கார்கள் பழைய உறுதியைப் பெற்றுவிடும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். லிஃப்ட்டில் தொங்கவிட்டபடியே இறுக்கினால், ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் இருந்து விரைவில் கிழிந்துவிடும். அவசரத்தில் அடிக்கடி தவறவிடப்படும் வேலை இது. பாலியூரித்தேன் புஷ்கள் நீடித்து உழைக்கும் என்றாலும், சாலையின் இரைச்சலையும் அதிர்வையும் உள்ளே கடத்தும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். இதை முன்பக்கமோ பின்பக்கமோ இணையாகவே மாற்ற வேண்டும். பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி6 வகை, வழக்கமான உயரமுள்ள ஸ்பிரிங்குகளுக்கானது. பி8 வகை, தாழ்த்தும் ஸ்பிரிங்குகளுக்காக நீளம் குறைக்கப்பட்டது. இந்தியச் சாலைகளில் அன்றாடம் ஓடும் காருக்கு, உயரத்தை மாற்றாத முதல் வழியே பொருத்தமானது.

காரணம் எளிது. ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் காரின் தரை இடைவெளி 179 மி.மீ. அதை 30 மி.மீ. தாழ்த்தினால் எஞ்சுவது 149 மி.மீ.; ஐந்து பேர் அமர்ந்தால் இன்னும் குறையும். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். தெருக்களில் உள்ள பல வேகத்தடைகள் இந்த அளவுக்குக் கட்டுப்படுவதில்லை. மேலும், தாழ்த்திய காரில் சஸ்பென்ஷன் மேலெழும் தூரம் சுருங்குவதால், பம்ப் ஸ்டாப்பில் மோதும் அதிர்ச்சி நேராக உடற்பகுதிக்குச் செல்லும்.

சட்டமும் கவனத்துக்குரியது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவு வழிசெய்கிறது. வாரண்டி, காப்பீட்டு நிபந்தனைகளையும் முன்னரே படித்துப் பார்ப்பது நல்லது.

மின்னணு முறையில் இயங்கும் ஷாக் அப்சார்பர் உள்ள கார்களில் சாதாரண வகையைப் பொருத்தினால் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். காரின் உயரம் மாறியிருந்தால் முகப்பு விளக்கின் கோணத்தையும் சரிசெய்ய வேண்டும். புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிப் படிந்த பின், அலைன்மென்ட்டை மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.