அணையாடையும் பெங்களூர்த் தண்ணீரும்



2011ஆம் ஆண்டில் எங்கள் மகள் பிறந்தபொழுது, கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்கு வந்திருந்த என் தாயார், தந்தையாரின் பழைய மல் வேட்டியைக் கிழித்து அணையாடைகள் சித்தம் செய்தார்கள். பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணியே பச்சிளங் குழந்தைக்கு ஏற்றது என்பது அவர்கள் துணிபு. ஆனால் ஒரு வாரத்திற்குள் அத்துணிகள் அப்பளம்போல் விறைத்துவிட்டன. குழந்தையின் தொடையிலும் சிவந்த தடிப்புகள் தோன்றின. “கையும் அதே கை, சோப்பும் அதே சோப்பு, தண்ணீர்தான் வேறு” என்றார்கள்.

அவர்கள் கூறியது உண்மையே. எங்கள் வீட்டிற்கு வந்தது ஆழ்துளைக் கிணற்று நீர். அத்தகைய நீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுந்திருந்தால் அவை சோப்புடன் கூடிக் கசடாகித் துணியின் இழைகளில் படிந்துவிடும். நன்கு அலசப்படாத துணியில் தங்கும் சிறுநீரை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. சோப்பின் எச்சமும் அம்மோனியாவும் குழந்தையின் தோலை உறுத்துகின்றன. எனவே அணையாடைக்குச் சோப்பினும் இன்றியமையாதது அலசும் நீரேயாகும்.

அந்த நீரோ பெங்களூரில் என்றுமே எளிதாகக் கிடைத்ததில்லை. கடல்மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேல் அமைந்த இந்நகருக்கு வற்றாத ஆறு ஒன்றுமில்லை. தர்மாம்புதி, சம்பங்கி, அல்சூர் முதலிய ஏரிகளும் கிணறுகளுமே பழைய ஆதாரங்கள். 1809ஆம் ஆண்டில் பாளையம் அமைந்தபின் இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அவற்றையே நம்பி வாழ்ந்தன. தர்மாம்புதி இருந்த இடத்தில் இன்று பேருந்து நிலையமும், சம்பங்கி இருந்த இடத்தில் விளையாட்டரங்கமும் நிற்கின்றன.

அக்காலத்தில் அழுக்கு நீக்க உவர்மண்ணும் பூந்திக்கொட்டையும் உதவின. வண்ணார் குலத்தோர் துணிகளை உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்தனர். தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் மகப்பேற்றுத் துணிகளை வெளுக்கும் கடமை அக்குலப் பெண்கள்மீதே சுமத்தப்பட்டது. குழந்தைக்குத் தூய துணி அளித்த அவர்களையே தீட்டுடையோர் என்று ஒதுக்கிவைத்த கொடுமையையும் நாம் மறைத்தல் ஆகாது.

திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1896ஆம் ஆண்டு, அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய் நீர் நகருக்கு வந்தது. முதல் உலகப் போரின்போது சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைப்படவே, மைசூர் அரசு சந்தன எண்ணெய் எடுக்கும் தொழிலைத் தொடங்கியது; அதன் வழியே பெங்களூரில் அரசாங்க சோப்புத் தொழிற்சாலையும் எழுந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் உருவாயிற்று. 1974இல் காவிரியே வந்தது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு அந்நீர் ஏற்றப்படுகிறது.

குழாய் வந்த வீடுகளில் நீர் சுமக்கும் பாரம் குறைந்தது. துவைக்கும் பாரம் தாய்க்கோ பாட்டிக்கோ ஆயிற்று. அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, ஒருமுறை அணிந்து எறியும் அணையாடை, பிற்காலத்தில் நம் நாட்டிலும் பரவியது. அதனால் துவைக்கும் வேலை ஒழிந்ததே தவிர, அழுக்கைக் கையாளும் வேலை ஒழியவில்லை. அது நகரத் தூய்மைப் பணியாளரான பௌரகார்மிகரிடம் போய்ச் சேர்ந்தது. அத்தகைய கழிவைத் தாளில் சுற்றிச் சிவப்புக் குறியிட்டுத் தனியே தரவேண்டும் என்ற முறை இந்நகரில் ஏற்பட்டிருப்பது அவர்தம் கைகளைக் காப்பதற்கே.

துணியையே மீண்டும் நாடுவோர் உளர். ஆனால் 2024ஆம் ஆண்டின் கோடையில் வாகனம் கழுவக் குடிநீரைப் பயன்படுத்துவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கும் அளவிற்கு இங்கு நீர்த்தட்டுப்பாடு நேர்ந்ததை நாம் மறப்பதற்கில்லை. துணிக்கு நீர் வேண்டும். எறியும் பொருளுக்குப் பிறர் கைகள் வேண்டும். எதைத் தேர்ந்தாலும் அதன் பாரத்தை வீட்டார் பகிர்ந்துகொள்வதே முறை.

எங்கள் வீட்டில் அன்று என் தாயார் ஒரு வழி கண்டார்கள். மலத்தை உடனே கழிப்பறையில் உதறிவிட்டு, துணியை ஊறவைத்து, சிறிது சலவைச் சோடா சேர்த்து ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே துவைத்தோம். கடைசி அலசலுக்கு மட்டும், அடுத்த தெருவிலிருந்த நண்பர் வீட்டுக் குழாயிலிருந்து இரண்டு குடம் காவிரி நீர் கொண்டுவந்தோம். பின்னர் நல்ல வெயிலில் உலர்த்தினோம். துணி மென்மையாயிற்று, தடிப்பும் மறைந்தது.

குடங்களைச் சுமந்தவனும் துணிகளை அலசியவனும் நானே. என் தந்தையார் தம் வாழ்நாளில் ஒருமுறையும் செய்யாத அந்த வேலையை என் தாயார் எனக்குக் கற்பித்தது, அவர்களுடைய அறுபத்தெட்டாம் வயதில்.